அஃபிலியேட் நெட்வொர்க்கை எடைபோடுவது எப்படி? புதிதாகத் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்று சமையலறைச் சாமான்களைப் பற்றித் தமிழில் எழுதும் தளம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இனி பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு லிங்க் வைக்கலாம். அதன் வழியாகப் போய் யாராவது வாங்கினால் கடைக்காரர் உங்களுக்குக் கமிஷன் தருவார். இந்த ஏற்பாட்டை நடுவில் நின்று நடத்தித் தருவதுதான் அஃபிலியேட் நெட்வொர்க். எந்தக் கிளிக் யாருடையது என்று கணக்கு வைப்பது, கடைக்காரரிடம் பணம் வசூலிப்பது, அதை உங்களுக்கு அனுப்பிவைப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

புதியவர்கள் பெரும்பாலும் கமிஷன் சதவீதத்தைப் பார்த்தே சேர்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். நூறு கிளிக் அனுப்பினால் வங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய் விழுகிறது, எத்தனை நாளில் விழுகிறது என்பதுதான் முக்கியம். எந்த நெட்வொர்க்கின் முகப்புப் பக்கத்திலும் இது எழுதியிருக்காது. நாமேதான் தோண்டி எடுக்க வேண்டும்.

படி 1: நடுவில் எத்தனை பேர்?

சில கடைகள் அஃபிலியேட் திட்டத்தைத் தாங்களே நடத்துகின்றன. 1996-இல் தொடங்கிய அமேசான் அசோசியேட்ஸ் இதற்குப் பெரிய உதாரணம். இரண்டாவது வகை, பல கடைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் நெட்வொர்க்குகள்: சிஜே, அவின், ரகுட்டன், இம்பாக்ட், இந்தியாவில் விகமிஷன் போன்றவை. மூன்றாவது வகை, இந்த நெட்வொர்க்குகளில் தாங்கள் உறுப்பினராகச் சேர்ந்து, அந்தக் கடைகளை உங்களுக்கு மறுபடியும் திறந்துவிடும் துணை நெட்வொர்க்குகள். ஸ்கிம்லிங்க்ஸ், கியூலிங்க்ஸ் எல்லாம் இந்த வகை.

மூன்றாவது வகையில் உங்கள் கமிஷனில் ஒரு பங்கு நடுவிலேயே போய்விடும். ஸ்கிம்லிங்க்ஸ் 25 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்காக அதை ஒதுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கடையிடமும் தனித்தனியாக விண்ணப்பித்து, 'உங்கள் தளத்துக்கு வருகை போதாது' என்று திருப்பி அனுப்பப்படும் ஆரம்ப நாட்களில் துணை நெட்வொர்க் நல்ல வழிதான். எந்தக் கடைக்கு ஆட்கள் அதிகம் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அந்த ஒன்றிரண்டு கடைகளுக்கு மட்டும் நேரடியாக விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது, சங்கிலி மிக நீண்டுவிடாமல் இருப்பது. ஒரு நெட்வொர்க் இன்னொன்றிடமிருந்து எடுத்து, அது வேறொன்றிடமிருந்து எடுத்துத் தரும் ஆஃபர்களும் (கமிஷன் வாய்ப்புகளும்) உண்டு. மேலே ஒருவர் பணம் தராவிட்டால் கீழே யாருக்கும் வராது. 'இந்தக் கடையோடு உங்களுக்கு நேரடி ஒப்பந்தமா?' என்று நெட்வொர்க்கிடமே கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க் எவ்வளவு பழையது என்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். 2000-இல் சிகாகோவில் தொடங்கிய ஷேர்ஏசேல், வலைப்பதிவர்கள் விரும்பிச் சேர்ந்த இடம். 2017-இல் அதை அவின் வாங்கியது. 2025-இல் அந்தத் தளத்தையே மூடி எல்லோரையும் அவினுக்கு மாற்றியது. பழைய லிங்க் வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டி வந்தது.

படி 2: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

நீளமாகத்தான் இருக்கும். முழுதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் சில இடங்களையாவது தேடிப் படியுங்கள்.

குக்கீயின் ஆயுள் அதில் ஒன்று. வாசகர் யார் லிங்க் வழியாக வந்தார் என்று அவர் பிரவுசரில் பதிந்துவைக்கும் சிறு குறிப்புதான் குக்கீ. உங்கள் லிங்க்கை அழுத்தியவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன்? அமேசானில் 24 மணி நேரம்தான். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் 90 நாள் வரை தாங்கும். மற்ற கடைகளில் 30 நாள் என்பது சகஜம். கிரைண்டர் வாங்குகிறவர் வீட்டில் நாலு பேரிடம் கேட்டு, தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குவார். அவருக்கு 24 மணி நேரம் போதவே போதாது. டார்ச் லைட் வாங்குபவருக்கு அது தாராளம். ஆக, குக்கீ நாட்களை உங்கள் வாசகர் எதை வாங்குகிறார் என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது பேஅவுட் வரம்பு. கணக்கில் எவ்வளவு சேர்ந்தால் பணத்தை அனுப்புவார்கள்? வரம்பு 50 டாலர் என்றால், மாதம் 5 டாலர் சம்பாதிக்கும் தளத்துக்குப் பத்து மாதம் காத்திருப்பு. இங்கேதான் இன்னொரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது: செயலற்ற கணக்குக் கட்டணம். சிஜேயில் தொடர்ந்து ஆறு மாதம் கமிஷன் எதுவும் வராவிட்டால், இருக்கும் இருப்பிலிருந்து மாதம் 10 டாலர் கழிப்பார்கள். கிளிக்பேங்க் என்ற நெட்வொர்க்கிலும் இதுபோல ஒரு கழிவு உண்டு, நாள் ஆக ஆகத் தொகை கூடும். கொஞ்சம் சேர்த்துவைத்துவிட்டு மறந்துபோனால் அதுவும் கரைந்துவிடும்.

சில இடங்களில் சேர்ந்த பிறகும் பரீட்சை உண்டு. அமேசானில் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது வராவிட்டால் கணக்கு மூடப்படும். தளத்தில் நாலு கட்டுரை மட்டும் இருக்கும்போது அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். ஆட்கள் வரத் தொடங்கியபின் விண்ணப்பித்தால் போதும்.

அப்புறம், எதையெல்லாம் செய்யக் கூடாது என்ற பட்டியல். உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கினால் அமேசானில் கமிஷன் கிடையாது. விலையைக் கையால் தட்டச்சு செய்து வைப்பதும் கூடாது, விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால். கடையின் பெயரை வைத்து கூகுளில் விளம்பரம் போடுவதைப் பல கடைகள் தடை செய்கின்றன. வாசகர் எதையும் அழுத்தாமலே அவர் பிரவுசரில் குக்கீயைத் திணிக்கும் வேலைக்கெல்லாம் போகவே வேண்டாம். ஈபேயின் முன்னணி அஃபிலியேட்டுகள் இருவர் இந்த மோசடிக்காக 2014-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

படி 3: லிங்க்கைப் பிரித்துப் பாருங்கள்

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இந்தப் படியில்தான். டிராக்கிங் (எந்தக் கிளிக், எந்த விற்பனை யாருடையது என்று கணக்கு வைப்பது) ஒழுங்காக இல்லாத நெட்வொர்க்கில் 15 சதவீதம் கொடுத்தாலும் கைக்கு வருவது பூஜ்யம்.

கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். வரும் பலகையில் 'நெட்வொர்க்' என்ற தாவலுக்குப் போய், 'பிரிசர்வ் லாக்' என்ற பெட்டியில் டிக் போடுங்கள். இப்போது உங்கள் அஃபிலியேட் லிங்க்கை முகவரிப் பட்டையில் ஒட்டி என்டர் தட்டுங்கள். கடைப் பக்கம் திறப்பதற்குள் பலகையில் வரிசையாக வரிகள் ஓடும். மேலே போய் முதல் சில வரிகளைப் பாருங்கள். 301, 302 என்ற எண்கள் தெரிந்தால் அவை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிய இடங்கள். முதலில் உங்கள் நெட்வொர்க்கின் டொமைன் இருக்கும். அடுத்து நேராகக் கடையின் டொமைன் வந்தால் நல்லது. நடுவில் பெயர் தெரியாத இரண்டு மூன்று டொமைன்கள் வந்தால், முதல் படியில் சொன்ன நீண்ட சங்கிலி இதுவாக இருக்கலாம். 'நேரடி ஒப்பந்தம்' என்று அவர்கள் சொன்னது உண்மையா என்பதும் இங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.

கடைசியில் கடைப் பக்கம் திறந்ததும் முகவரிப் பட்டையைப் பாருங்கள். பொதுவாக அதன் வாலில் ஒரு நீண்ட கிளிக் அடையாள எண் ஒட்டிக்கொண்டு வரும். இந்திய அமேசான் என்றால் நீங்கள் பதிவு செய்த அடையாளப் பெயரும் அதன் முடிவில் 21 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கிளிக் உங்கள் கணக்கில் சேராது.

இதே சோதனையைக் கைபேசியிலும் செய்யுங்கள். தமிழ்த் தளங்களுக்கு வரும் வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசிக்காரர்கள். அந்தக் கடையின் செயலி போனில் இருந்தால், லிங்க்கை அழுத்தியதும் பிரவுசருக்குப் பதில் செயலி திறந்துகொள்ளும். செயலிக்குள் நடக்கும் விற்பனையைக் கணக்கில் எடுக்க நெட்வொர்க் தனியாக ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யாதவர்களும் உண்டு, வாசகர் பொருளை வாங்கியிருப்பார், உங்கள் டேஷ்போர்டில் (நெட்வொர்க்கில் உங்கள் கணக்கு விவரம் தெரியும் பக்கம்) ஒன்றும் இருக்காது. 'செயலியில் வாங்கினால் கமிஷன் உண்டா?' என்பதை ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐபோன் வாசகர்கள் அதிகம் என்றால் இன்னொரு கேள்வி. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்பு குக்கீகளை (வாசகர் பார்க்கும் தளம் அல்லாத வேறொருவர் வைப்பவை) முழுவதுமாகத் தடுக்கிறது. அதனால் நல்ல நெட்வொர்க்குகள் குக்கீயை மட்டும் நம்பாமல், கடையின் சர்வரும் தங்கள் சர்வரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி அமைத்திருக்கின்றன. 'சர்வர் டு சர்வர் டிராக்கிங்', 'போஸ்ட்பேக்' என்ற பெயர்களில் விசாரியுங்கள். ஆட் பிளாக்கர் போட்ட பிரவுசரிலும் லிங்க்கை ஒருமுறை திறந்து பாருங்கள். சில நெட்வொர்க்குகளின் டொமைனையே பிளாக்கர்கள் தடுத்துவிடும். வாசகருக்கு வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

நெட்வொர்க்கில் கூப்பன் நீட்டிப்புகளை (தள்ளுபடிக் கூப்பன் தேடித் தரும் பிரவுசர் துணைநிரல்கள்) எப்படி நடத்துகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய விஷயம். கடைசியாக யார் லிங்க் வழியாக வந்தாரோ அவருக்கே கமிஷன் என்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். வாசகர் உங்கள் விமர்சனத்தைப் படித்து, பொருளைத் தேர்ந்து, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்த பிறகு, பிரவுசரில் உள்ள கூப்பன் நீட்டிப்பு ஒன்று தன் அடையாளத்தைப் போட்டுவிட்டால் உங்கள் கமிஷன் அதற்குப் போய்விடும். பேபால் 2020-இல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி என்ற கூப்பன் நீட்டிப்பின் மீது 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர் எழுப்பிய குற்றச்சாட்டு இதுதான், வழக்குகளும் தொடர்ந்தன. அதன் பிறகு 2025 மார்ச்சில் கூகுள், பயனருக்குப் பலன் எதுவும் தராமல் அஃபிலியேட் குறியீட்டைச் செருகும் நீட்டிப்புகளுக்குத் தன் குரோம் கடையில் தடை விதித்தது. சில கடைகள் கட்டுரை எழுதுபவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குகின்றன. அப்படிப்பட்ட கடைகள் எவை என்று நெட்வொர்க் சொல்ல முடியும்.

படி 4: நூறு கிளிக்குக்கு எவ்வளவு?

நெட்வொர்க்குகள் ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் 'இபிசி' என்று ஒரு எண்ணைக் காட்டும். கிளிக் ஒன்றுக்குச் சராசரி வருமானம் என்று பொருள். ஆனால் சிஜே இதை நூறு கிளிக்குக்குக் கணக்கிட்டுக் காட்டுகிறது. வேறு சில நெட்வொர்க்குகள் ஒரு கிளிக்குக்குக் காட்டுகின்றன. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நூறு மடங்கு தப்பாகப் போகும். மேலும் அந்தச் சராசரியில் பெரிய கூப்பன் தளங்களின் கிளிக்குகளும் கலந்திருக்கும். தராதரம் தெரிந்துகொள்ளத்தான் அந்த எண், அதை வைத்து வருமானத்தைத் திட்டமிட முடியாது.

உங்கள் எண்ணை நீங்களே போட வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். 4,000 ரூபாய் மிக்ஸி, இரண்டு நெட்வொர்க், இரண்டுக்கும் தலா 1,000 கிளிக் அனுப்புகிறீர்கள். முதல் நெட்வொர்க் 8 சதவீதம் தருகிறது, அதாவது மிக்ஸிக்கு 320 ரூபாய். டேஷ்போர்டில் 10 ஆர்டர் விழுகிறது; 3,200 ரூபாய் என்று பச்சையில் மின்னும். இரண்டு மாதம் கழித்து அதில் 6 ரத்து. கைக்கு வருவது 1,280, நூறு கிளிக்குக்கு 128 ரூபாய். இரண்டாவது நெட்வொர்க் 4 சதவீதம்தான், மிக்ஸிக்கு 160. ஆனால் டிராக்கிங் சரியாக இருப்பதால் 14 ஆர்டர் பதிவாகிறது, 3 மட்டும் ரத்து. கைக்கு 1,760, நூறு கிளிக்குக்கு 176 ரூபாய். பாதிக் கமிஷன் தருகிறவர்தான் அதிகம் தருகிறார்.

அந்த ரத்து விகிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தியாவில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்கள் அதிகம். வாசலில் வந்து நிற்கும் பார்சலை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது இங்கே சாதாரணம். அப்படித் திரும்பினால் கமிஷனும் போகும், அது நியாயம்தான். நியாயமில்லாத ரத்தும் உண்டு. ரிப்போர்ட்டில் 'பெண்டிங்', 'அப்ரூவ்ட்', 'ரிஜெக்டட்' என்ற நிலைகளுக்குப் பக்கத்தில் காரணம் எழுதும் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். 'பொருள் திரும்பியது', 'ஆர்டர் ரத்து', 'ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்' என்று வரிக்கு வரி காரணம் தருபவர்களோடு வாதாட முடியும். காரணமே தராமல் மொத்தமாக வெட்டுகிறவரோடு பேச என்ன இருக்கிறது?

கமிஷன் விகிதம் நிலையானது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன் போன்ற பிரிவுகளின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-க்குக் குறைத்தது. அறைகலன் பற்றி மட்டுமே எழுதிவந்த தளங்களுக்கு அது பேரடி. ஒரே கடையை நம்பித் தளம் நடத்துவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

படி 5: பணம் எந்த வழியாக வரும்?

இந்திய நெட்வொர்க் என்றால் பான் எண் கேட்பார்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 2024 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரை பிடித்தம் இல்லை என்ற வரம்பு 2025 ஏப்ரலில் வந்தது. பான் தராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இழுத்தடிக்கும் நிறுவனம், உங்கள் கமிஷனையும் அப்படித்தான் நடத்தும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, சேவை வழங்குபவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அந்த அளவுக்கு வருகிறவர்கள் ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்க நெட்வொர்க் என்றால் டபிள்யூ-8பென் என்ற படிவம் வரும். நீங்கள் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்று சொல்லும் வரிப் படிவம் அது, பயப்பட ஒன்றுமில்லை. பணம் பேபால், பேயோனியர், நேரடி வங்கி மாற்று என்று ஏதாவது ஒரு வழியில் வரும். ஒவ்வொன்றிலும் கட்டணமும் நாணய மாற்றில் ஒரு வெட்டும் உண்டு. 50 டாலர் அனுப்பினால் எத்தனை ரூபாய் விழும் என்று சேருவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ தளம் நடத்துபவர்கள், அந்த வழி தங்கள் நாட்டில் வேலை செய்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எத்தனை நாளில்? அமேசான் மாதம் முடிந்து சுமார் 60 நாளில் தருகிறது. நெட்வொர்க்குகளில் கடைக்காரர் ஒப்புதல் தர வேண்டும், பிறகு பணம் தர வேண்டும், அதன் பிறகுதான் உங்களுக்கு. பயண முன்பதிவு போன்றவற்றில் வாடிக்கையாளர் பயணம் முடிக்கும் வரைகூடக் காத்திருக்க நேரும். 'கடைக்காரர் தராவிட்டாலும் நீங்கள் தருவீர்களா?' என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் என்ன பதில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 'மாட்டோம்' என்றுதான் இருக்கும், தெரிந்துகொண்டு சேருவது மேல்.

படி 6: அவர்களிடம் என்ன சரக்கு இருக்கிறது?

ஆஃபர் பட்டியலை முழுவதும் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். சூதாட்டச் செயலிகள், நிமிடத்தில் கடன் தரும் செயலிகள், 'ஒரே வாரத்தில் எடை குறையும்' மாத்திரைகள் என்று முதல் பக்கமே நிறைந்திருந்தால் அந்த இடம் வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை விளம்பரம் செய்வதே 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'எல்லோரும் போடுகிறார்கள்' என்று நெட்வொர்க்கின் மேனேஜர் சொல்வார், வழக்கு வந்தால் அவர் வரமாட்டார்.

லிங்க் வழியாகக் கமிஷன் கிடைக்கும் என்பதை வாசகரிடம் சொல்வது பற்றி நெட்வொர்க் என்ன விதி வைத்திருக்கிறது என்பதும் நல்ல அளவுகோல். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரதாரரோடு பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். கட்டுரையின் தொடக்கத்திலேயே தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள். லிங்க்கின் குறியீட்டில் 'ஸ்பான்சர்ட்' என்று சேர்ப்பது, இது பணம் கிடைக்கும் லிங்க் என்று கூகுளுக்குச் சொல்வதற்காக.

படி 7: கேட்டுப் பாருங்கள், பிறகு சிறிதாகத் தொடங்குங்கள்

சேருவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளம் வேண்டாம்: 'என் தளம் தமிழில் சமையலறைச் சாதனங்களைப் பற்றியது. இந்த மூன்று கடைகளில் செயலி விற்பனை கணக்கில் வருமா? கடந்த மூன்று மாதத்தில் ரத்து விகிதம் எவ்வளவு? பேஅவுட் எந்தத் தேதியில்?' அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தால் தேறிவிட்டார்கள். 'டியர் பார்ட்னர்' என்று தொடங்கும் விளம்பரக் கடிதம் வந்தால் பின்னாளில் பணப் பிரச்சினைக்கும் அதே கடிதம்தான் வரும்.

பிறகு இரண்டு நெட்வொர்க்கை எடுத்து, ஒரே மாதிரியான சில கட்டுரைகளில் மட்டும் லிங்க் வையுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி சப்-ஐடி (லிங்க்கில் சேர்க்கும் துணை அடையாளம்) கொடுத்தால் எந்தக் கட்டுரையிலிருந்து விற்பனை என்று தெரியும். நெட்வொர்க் காட்டும் கிளிக் எண்ணிக்கையையும் உங்கள் அனலிடிக்ஸில் வெளிச்செல்லும் கிளிக்கையும் ஒப்பிடுங்கள். கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். பாதிக்குப் பாதி இருந்தால் எங்கோ ஓட்டை. முதல் பேஅவுட் உண்மையிலேயே வங்கிக்கு வரும் வரை மற்ற கட்டுரைகளில் கை வைக்க வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும்: நம் வாசகர்களில் பலர் விமர்சனத்தை இணையத்தில் படித்துவிட்டு, பேரம் பேசலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போய் வாங்குகிறவர்கள். அந்த விற்பனையை எந்த நெட்வொர்க்காலும் பிடிக்க முடியாது, அதற்கு நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள்.

லிங்க்குகளை ஒவ்வொரு கட்டுரையிலும் நேராக ஒட்டாமல், வேர்ட்பிரஸ்ஸில் இருக்கும் லிங்க் மேலாண்மை பிளகின் ஒன்றில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் நெட்வொர்க்கை மாற்றும்போது வேலை மிச்சம். அமேசான் லிங்க்குகளை மட்டும் இப்படி மறைக்காதீர்கள். எங்கே போகிறோம் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் விதி.

விலக முடிவு செய்தால் வரிசை முக்கியம். முதலில் லிங்க்குகளை மாற்றுங்கள், கணக்கை மூட வேண்டாம். பெண்டிங்கில் இருப்பவை தீரும் வரை காத்திருங்கள். வரம்புக்குக் கீழே இருக்கும் இருப்பைக் கணக்கு மூடும்போது தருவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் தரமாட்டார்கள். ரிப்போர்ட்டுகளை எக்செல் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, டிடிஎஸ் விவரம் சரியாக ஏறியதையும் பார்த்த பிறகு கணக்கை மூடுங்கள்.